ஹெட்லெஸ் கிற்றார் சுருதி நிற்காவிட்டால்: உப்புக்காற்று ஊருக்கான பிழை நீக்கும் வழிமுறை

மட்டக்களப்புக் கல்லடியில் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் குடியிருப்பவர்களுக்குத் துருவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. சைக்கிள் செயின், ஜன்னல் பிணைச்சல், கேற் பூட்டு எல்லாம் அதற்குச் சாட்சி. கிற்றாரும் அப்படித்தான். அதிலும் ஹெட்லெஸ் கிற்றாரில், அதாவது கழுத்து நுனியில் பிருடைகள் உள்ள தலை இல்லாத கிற்றாரில், மரம் குறைவு, இரும்பும் அலுமினியமும் அதிகம். பழுதென்று என்னிடம் வந்த ஹெட்லெஸ் கிற்றார்களில் பெரும்பாலானவற்றில் மரத்துக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. ஏதோ ஒரு சின்ன ஸ்குரூ கெட்டிருந்தது. ஆனால் கொண்டுவந்தவர் அதற்கு முன்பே கழுத்தின் வளைவைச் சரிசெய்ய அதற்குள் இருக்கும் இரும்புக் கோலை, ட்ரஸ் ரொட்டை, திருகிவிட்டுத்தான் வந்திருப்பார். அதனால் முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்: மரத்தில் கை வைப்பதற்கு முன் கம்பியின் இரண்டு முனைகளையும் பாருங்கள்.

இவ்வளவு தொல்லை இருந்தும் ஏன் வாங்குகிறார்கள் என்றால், கையில் எடுத்துப் பார்த்தால் புரியும். பல ஹெட்லெஸ் கிற்றார்கள் இரண்டு கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். தோளில் போட்டால் கழுத்து கீழே சாயாது, ஏனென்றால் அந்த நுனியில் இழுக்கிற பாரம் இல்லை. சாதாரணக் கிற்றாரைவிட ஏறக்குறைய ஒரு சாண் நீளம் குறைவு. உதய தேவி ரயிலில் தலைக்கு மேலே இருக்கும் தட்டில் வைத்துக்கொண்டு கொழும்புக்குப் போய்வரலாம். மோட்டார் சைக்கிளில் முதுகில் மாட்டினால் மதில்களிலும் கம்பங்களிலும் இடிபடாது. குமிழைத் திருகும்போது சுருதி முடியிழை அளவில் நகரும். ஒருமுறை அதற்குப் பழகிய கை பழைய பிருடைகளுக்குத் திரும்ப விரும்பாது.

தளபாட வடிவமைப்பிலிருந்து வந்த நெட் ஸ்டைன்பெர்கர் என்ற அமெரிக்கர் 1980ஐ ஒட்டி தலை இல்லாத பேஸ் கிற்றாரை உலகுக்குக் காட்டினார். அலன் ஹோல்ட்ஸ்வர்த் போன்ற பெரிய கலைஞர்கள் அவருடைய கிற்றாரைக் கையில் எடுத்தார்கள். 1987இல் கிப்சன் என்ற பெரிய கிற்றார் நிறுவனம் ஸ்டைன்பெர்கரின் நிறுவனத்தை வாங்கியது. பிறகு கொஞ்சக் காலம் பேச்சு அடங்கியிருந்தது. ஸ்வீடனைச் சேர்ந்த ஓலா ஸ்ட்ராண்ட்பெர்க் 2007 அளவில் தொடங்கிய வேலையோடு மீண்டும் சூடு பிடித்தது. இப்போது உலகெங்கும் சிறு பட்டறைகள் இதைக் கையால் செய்து விற்கின்றன. சுவிஸ், கனடா, லண்டன் என்று இருக்கும் நம்முடைய ஆட்கள் ஊருக்கு வரும்போது கொண்டுவருவதும் அப்படிப்பட்ட கிற்றார்தான். இங்கே பறங்கியர் வீடுகளில் கிற்றாரும் வயலினும் தலைமுறைகளாக இருக்கின்றன, கம்பி மாற்றத் தெரிந்தவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஹெட்லெஸ் பூட்டைத் திறந்து பார்த்தவர்தான் குறைவு.

முதலில் இதன் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலானவற்றில் கம்பியின் குண்டு முனை, உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கத்தில், முன்னும் பின்னும் நகரக்கூடிய ஒரு சின்னக் கட்டையில் உட்காரும். பின்னால் இருக்கும் குமிழைத் திருகினால் கட்டை பின்னுக்கு இழுபடும், சுருதி ஏறும். கம்பியின் மறுமுனை கழுத்தின் நுனியில் ஒரு பூட்டுக்குள் போய், சின்ன ஸ்குரூவின் அடியில் நசுங்கி நிற்கும். சில கிற்றார்களில் இது தலைகீழாக இருக்கும். உங்களுடையது எந்த வகை என்று பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

குமிழ் முடிவுக்கு வந்துவிட்டது, சுருதி இன்னும் ஏறவில்லை

புதிதாக வாங்கியவர்கள் முதல் தடவை கம்பி மாற்றும்போது இது கட்டாயம் நடக்கும். குமிழ் பழுதாகவில்லை. அந்தக் கட்டை நகரக்கூடிய தூரம் மிகவும் குறைவு. பூட்டும்போது கம்பியில் தொய்வு விட்டிருந்தால், கட்டையின் முழு ஓட்டமும் அந்தத் தொய்வை எடுப்பதிலேயே முடிந்துவிடும்.

குமிழை முழுவதும் தளர்த்தி, கட்டையை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். கம்பியைக் குண்டு முனையில் மாட்டி, மறுமுனையைப் பூட்டுக்குள் விட்டு, குறடால் பிடித்து நன்றாக இழுங்கள். இழுத்தபடியே ஸ்குரூவை இறுக்குங்கள். இரண்டு கை போதாது என்று தோன்றும், முதல் சில தடவை யாரையாவது பிடிக்கச் சொல்லுங்கள். சரியாக இழுத்திருந்தால், பூட்டியவுடன் கம்பியைத் தட்டினாலே ஏதோ ஒரு தாழ்ந்த சுரம் கேட்கும். தொளதொளவென்று அடித்தால் திரும்பவும் தளர்த்தி இழுக்க வேண்டியதுதான்.

மிச்சக் கம்பியை வெட்டுவதற்கு முன் ஒரு விடயம். சுற்றுக்கம்பிகளை, அதாவது தடித்த மூன்றையும், பூட்டுக்கு வெளியே ஒருமுறை செங்குத்தாக மடித்துவிட்டு மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். மடிக்காமல் வெட்டினால் வெளிச்சுற்று உள்கம்பியிலிருந்து பிரிந்து நழுவலாம். உள்கம்பி வட்டமாக இருக்கும் வகைகளில் இது அடிக்கடி நடக்கும். கம்பி புதிதாக இருந்தும் சத்தம் செத்துப்போய்க் கேட்டால் காரணம் இதுவாக இருக்கலாம்.

சுருதி வைத்தேன், ஒரு பாட்டு முடிவதற்குள் இறங்கிவிட்டது

கல்முனையிலிருந்து ஒரு தம்பி வந்தார். மாமா சுவிஸிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கிற்றார், பார்க்கவே அவ்வளவு அழகு. "அண்ணே, சுதி நிக்குதில்ல. நெக் வளைஞ்சிட்டு போல" என்றார். ட்ரஸ் ரொட்டை ஏற்கெனவே இரண்டு சுற்றுத் திருகியிருந்தார். எனக்கு நெஞ்சு பதறியது. கால் சுற்றே பெரிய மாற்றம், இரண்டு சுற்றில் ரொட்டே உடைந்திருக்கலாம். நல்ல காலம், உடையவில்லை.

அவருக்குச் செய்து காட்டிய சோதனையை நீங்களும் செய்து பாருங்கள். காசு செலவில்லை. கம்பியைச் சுருதிக்குக் கொண்டுவாருங்கள். பூட்டிலிருந்து கம்பி வெளியே வருகிற இடத்தில், பூட்டின் விளிம்பை ஒட்டி, மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். ஆறு கம்பிக்கும் வையுங்கள். பிறகு ஒவ்வொரு கம்பியையும் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் (விரல்பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) பிடித்து நன்றாக வளைத்து விடுங்கள், பத்துத் தடவை. இப்போது புள்ளிகளைப் பாருங்கள். அந்தத் தம்பியின் ஆறாவது கம்பியில் புள்ளி விளிம்பிலிருந்து ஒரு மில்லிமீற்றருக்கு மேல் விலகியிருந்தது. கம்பி பூட்டுக்குள் வழுக்கிக்கொண்டிருந்தது. கழுத்தில் எந்தக் குறையும் இல்லை.

புள்ளி விலகியிருந்தால் பூட்டைக் கழற்றி உள்ளே பாருங்கள். ஸ்குரூவின் நுனியில் அல்லது கம்பியை நசுக்கும் தட்டில் பள்ளம் விழுந்திருக்கும், பழைய கம்பியின் துகளும் ஒட்டியிருக்கும். பழைய பல் துலக்கும் தூரிகையால் துடைத்து, கம்பியைப் பள்ளத்துக்குப் பக்கத்தில் படும்படி கொஞ்சம் நகர்த்தி வைத்தால் அநேகமாகச் சரியாகிவிடும். பள்ளம் ஆழமாக இருந்தால் ஸ்குரூவை மாற்றுங்கள்.

புள்ளி அசையவில்லை, ஆனாலும் சுருதி இறங்குகிறது என்றால் புதுக்கம்பி இன்னும் இழுபடுகிறது என்று அர்த்தம். கையால் இழுத்துவிட்டு மூன்று நான்கு தடவை சுருதி வையுங்கள். சுருதி கூடிப்போனால் கதை வேறு. கழுத்து நுனியில் கம்பி உட்காரும் காடிகள் உள்ள நட்டில் கம்பி சிக்கி, பிறகு விடுபடுகிறது. பென்சில் கரியை அந்தக் காடியில் தேய்த்தால் போதும்.

சுருதியை ஆட்டும் வைபிரேட்டோ கை உள்ள கிற்றாராக இருந்தால், முதலில் அதை அசையாமல் நிறுத்திவிட்டு இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள். மடித்த அட்டையைக் கட்டைக்கும் உடலுக்கும் இடையில் செருகினால் நிற்கும். கம்பிகளும் ஸ்பிரிங்கும் எதிரெதிராக இழுத்துச் சமநிலையில் நிற்கிற அமைப்பு அது, ஒரு கம்பி தளர்ந்தாலும் ஆறும் ஆடும்.

கம்பி எப்போதும் பூட்டின் வாயிலேயே அறுகிறது

அளவுக்கு மீறி இறுக்குகிறீர்கள். ஒன்பது, பத்து (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்பது, பத்துப் பங்கு) என்று சொல்கிற மெல்லிய கம்பிகளை நசுக்கி வெட்ட ஒரு சின்ன அலன் கீயே போதும். கீயின் நீளமான பக்கத்தை ஸ்குரூவுக்குள் விட்டு, குட்டைப் பக்கத்தை இரண்டு விரலால் பிடித்து இறுக்கிப் பழகுங்கள். அப்படிப் பிடித்தால் விரலால் அளவுக்கு மேல் பலம் கொடுக்க முடியாது. அப்படியும் அறுந்தால் பூட்டின் விளிம்பில் கூர் இருக்கிறது. ஆயிரம் இலக்க மணற்தாளைச் சுருட்டி அந்த விளிம்பை மட்டும் மெதுவாக மழுக்கிவிடுங்கள்.

குமிழ் இறுகிவிட்டது, விரல் நோகிறது

எங்கள் ஊர்ப் பிரச்சினைகளில் பெரியது இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சாதாரணச் சுருதியில் ஒவ்வொரு கம்பியும் ஏறக்குறைய 7 முதல் 9 கிலோ பாரத்துக்கு இழுக்கிறது. அவ்வளவு இழுவைக்கு எதிராகத்தான் ஒரு மெல்லிய மரையாணியை வெறும் விரலால் திருகுகிறீர்கள். மரை சுத்தமாக இருந்தால் முடியும். இந்தப் பிரிட்ஜ்கள் பல அலுமினியத்தில் கடைந்தவை, ஸ்குரூக்களோ உருக்கு. இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும். அந்தப் பொடி மரைக்குள் அடைத்துக்கொண்டால் ஸ்குரூ சீமெந்து வைத்துக் கட்டியது மாதிரி நிற்கும். வெளியில் துரு ஒன்றும் தெரியாமல் கிற்றார் பளபளவென்று இருக்கும். கட்டையின் ஓரத்தில் உப்புப் பூத்தது மாதிரி மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் அடையாளம்.

முதலில் கம்பியைத் தளர்த்துங்கள். பாரத்தோடு திருகக் கூடாது. சில வகைகளில் ஸ்வர நீளத்தைச் சரிசெய்யும் கட்டையைப் பிடித்து வைக்க ஒரு தனி ஸ்குரூ இருக்கும். அதை அளவுக்கு மேல் இறுக்கியிருந்தாலும் குமிழ் இறுகும், அதனால் அதையும் பாருங்கள். பிறகு மரையில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி, ஊசி நுனியால் வையுங்கள். ஒரு இரவு விடுங்கள். அடுத்த நாள் கால் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று மெதுவாக அசைத்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் சோல்டரிங் அயனின் நுனியை ஸ்குரூவின் தலையில் ஒரு நிமிடம் வைத்துச் சூடாக்கி, ஆறவிட்டு, திரும்ப முயற்சி செய்யுங்கள். சூடு படுகிற பக்கத்தில் வர்ணம் பூசிய மரம் இருந்தால் அட்டை வைத்து மறையுங்கள்.

குறடால் குமிழைப் பிடித்துத் திருகாதீர்கள். குமிழ் சுற்றிவிடும், உள்ளே இருக்கும் மரையாணி முறிந்துவிடும். முறிந்தால் அந்தப் பட்டறைக்கு எழுதி, பாகம் வரக் காத்திருக்க வேண்டும்.

கழன்ற பிறகு மரையைத் தூரிகையால் சுத்தம் செய்து, துடைத்து, கிறீஸ் மிகக் கொஞ்சம் தடவிப் பூட்டுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். வீட்டில் எளிதாகக் கிடைக்கிறது என்று பலர் அதைத்தான் வைக்கிறார்கள். நாளாக நாளாகப் பிசுபிசுத்து, தூசியையும் மணலையும் பிடித்துவைத்துக்கொள்ளும். வாசித்து முடிந்ததும் வேர்வையைத் துடைத்துப் பெட்டிக்குள் வைப்பதும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாக் குமிழையும் முழு ஓட்டம் ஓட்டிப் பார்ப்பதும் இந்தப் பிரச்சினையை வாசலிலேயே நிறுத்திவிடும்.

அலன் கீ சுற்றுகிறது, ஸ்குரூ சுற்றவில்லை

கீ தவறு. அமெரிக்கப் பட்டறைகளில் பல அங்குல அளவில் ஸ்குரூ போடுகின்றன, ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் மில்லிமீற்றர். அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு என்பது 1.59 மில்லிமீற்றர். அதற்குள் 1.5 கீ தாராளமாகப் போகும், போனதும் மூலைகளைத் தேய்த்துவிடும். கிற்றாரோடு வந்த கீயை ஒருபோதும் தொலைக்காதீர்கள். நான் ஒருமுறை கோயில் திருவிழா மேடையில் முதல் கம்பி அறுந்து நின்றேன். புதுக்கம்பி பையில் இருந்தது, கீ வீட்டில் மேசையில் இருந்தது. மிச்சப் பாட்டுகளை ஐந்து கம்பியில் வாசித்தேன். அன்றிலிருந்து ஒரு கீயைக் கிற்றாரின் பின்பக்க மூடியில் டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன்.

'ம்ம்' என்ற இரைச்சல் நிற்கவில்லை

கம்பியைத் தொட்டால் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். தொட்டவுடன் குறைந்தால் கிற்றாருக்குள் எர்த் இணைப்பு சரி, வெளியிலிருந்து வரும் இரைச்சல்தான். போன் சார்ஜர், மலிவான எல்ஈடி விளக்கு, மின்விசிறியின் வேகக் கட்டுப்பாடு ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். தொட்டாலும் மாற்றமில்லை என்றால் உள்ளே வயர் விட்டிருக்கிறது.

ஹெட்லெஸ் கிற்றாரில் இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. ஆறு கம்பிக்கும் ஆறு தனித்தனிப் பிரிட்ஜ் கட்டைகள் இருக்கும். கறுப்பு, பொன், நீலம் என்று அழகாக இருக்கும் அந்த அனோடைஸ் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் ஒரு கட்டைக்கு மட்டும் எர்த் போகாமல் இருந்தால், ஐந்து கம்பியைத் தொடும்போது இரைச்சல் குறையும், மிச்சம் உள்ள ஒன்றைத் தொட்டால் குறையாது. கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். மல்டிமீற்றர் இருந்தால் ஒரு முனையைக் கேபிள் செருகும் ஜாக்கின் வெளி உலோகத்திலும் மறுமுனையைக் கம்பியிலும் வையுங்கள். கட்டையில் வைக்காதீர்கள், பூச்சு பொய் சொல்லும். தொடர்பு இல்லாத கட்டையைக் கழற்றி, அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பூச்சைச் சுரண்டி, செப்பு டேப் ஒரு துண்டு வைத்துப் பூட்டினால் சரி.

கம்பியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பிக்கப்புகளில், பற்றரியில் இயங்கும் சிலவற்றில் கம்பிக்கு எர்த் கொடுக்காமல் வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். உங்களுடையது அந்த வகையா என்று உற்பத்தியாளரின் வரைபடத்தில் பார்த்துவிட்டுக் கழற்றுங்கள். அந்த வகைகளில் சத்தம் கரகரத்து மங்கினால் முதலில் ஒன்பது வோல்ட் பற்றரியை மாற்றுங்கள். வாசிக்காத நேரம் கேபிளைக் கழற்றிவிடுங்கள், செருகியே வைத்தால் பற்றரி தீர்ந்துகொண்டிருக்கும்.

மைக்கில் உதடு பட்டதும் சுரீர் என்றால், அல்லது கம்பியைத் தொட்டதும் விரலில் சுணைத்தால், வாசிப்பதை நிறுத்துங்கள். ஜெனரேற்றரில் ஓடும் மேடைகளில் இது நடக்கும். அந்த மின்சாரம் 230 வோல்ட். கிற்றாரில் தேடி நேரம் கழிக்க வேண்டாம், எலக்ட்ரீசியன் எர்த்தைப் பார்த்துச் சரியென்று சொல்லும்வரை செருக வேண்டாம்.

மாரியில் சரியாக இருந்தது, கச்சான் காற்று வந்ததும் கம்பி ஃப்ரெட்டில் அடிக்கிறது

ஒருவழியாக மரத்தின் கதைக்கு வந்தோம். மார்கழி மழையில் ஊறிய மரம், வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் காய்கிறது. விரல்பலகை சுருங்கினால் ஃப்ரெட்டின் ஓரங்கள் வெளியே நீட்டும், கையை ஓட்டும்போது ரம்பம் மாதிரிக் கீறும். அது ஃப்ரெட் கழன்றதல்ல. ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருந்தால் கிற்றார் நிம்மதியாக இருக்கும். சின்ன ஈரமானி ஒன்றைப் பெட்டிக்குள் போட்டுவைத்துப் பாருங்கள். மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் போடுங்கள், கச்சான் காலத்தில் எடுத்துவிடுங்கள். தகரக் கூரைக்கு நேர் கீழே வைக்காதீர்கள்.

கழுத்தை அளக்க, கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் சேர்த்து அழுத்துங்கள். நடுவில், ஏழாவது எட்டாவது ஃப்ரெட் அளவில், கம்பிக்குக் கீழே இரண்டு போட்டோகொப்பித் தாள் போகவேண்டும், ஏறக்குறைய 0.2 மில்லிமீற்றர். போகவே இல்லை என்றால் கழுத்து நேராகிவிட்டது அல்லது பின்னுக்கு வளைந்துவிட்டது, ரொட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். நான்கு ஐந்து தாள் தாராளமாகப் போனால் இறுக்குங்கள். ஒரு தடவையில் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம், ஒரு நாள் விட்டுத் திரும்ப அளந்து பாருங்கள். எந்தக் காலத்தில் எந்தப் பக்கம் வளையும் என்பது அந்தக் கழுத்தின் மரத்தையும் அது ஒட்டிய விதத்தையும் பொறுத்தது. அண்ணன் சொன்னார், நண்பர் சொன்னார் என்று திருகாமல் தாளைக் கேளுங்கள்.

உட்கார்ந்து வாசித்தால் வழுக்குகிறது

உடல் சின்னது, இடுப்பு வேறிடத்தில் இருக்கிறது. இடது காலில் வைத்துப் பாருங்கள், பட்டியை உட்கார்ந்திருக்கும்போதும் போட்டுக்கொள்ளுங்கள். தலை இல்லாததால் சுவரில் தொங்கவிடும் கொக்கியும் பயன்படாது, உடலைத் தாங்கும் ஸ்டாண்ட் வேண்டும்.

கம்பி கிடைக்கவில்லை

பழைய ஸ்டைன்பெர்கர் வகைகளில் சில இரண்டு முனையிலும் குண்டுள்ள கம்பியைத்தான் ஏற்கும். அதை இங்கே கடைகளில் தேடி நாளை வீணாக்காதீர்கள். வாங்குவதற்கு முன்பே கிற்றார் சாதாரணக் கம்பியை ஏற்குமா என்று கேளுங்கள், ஏற்காவிட்டால் மாற்றுப் பூட்டு கிடைக்குமா என்றும் கேளுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், வெளிநாட்டிலிருந்து அடுத்து வருகிற உறவினரிடம் ஒரு வருடத்துக்கான கம்பியும், இரண்டு பூட்டு ஸ்குரூவும், ஒரு முழுப் பிரிட்ஜ் கட்டையும் சொல்லிவிடுங்கள். சிறு பட்டறைகள் வடிவத்தை அடிக்கடி மாற்றுகின்றன. உங்கள் கிற்றாருக்குப் பொருந்துகிற கட்டை மூன்று வருடம் கழித்து அவர்களிடமே இல்லாமல் போகலாம். எழுதும்போது கிற்றாரின் தொடர் இலக்கத்தையும், கட்டையின் அகலத்தை வேர்னியர் வைத்து அளந்த அளவையும், பக்கவாட்டில் எடுத்த ஒரு படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.